பொத்தானின் முதுகு

(பழைய வண்ணாரப்பேட்டையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில், நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடை தைக்கும் தையற்காரர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சர் பிட்டி தியாகராயர் வேடத்துக்காக நான் தைத்த வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லித்தான் இந்தத் தேதியை வாங்கினேன். அழைப்பிதழிலும் அப்படியே போட்டுவிட்டார்கள். கோட்டு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்த கையோடு சலவைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. அதன் பொத்தான்கள் மட்டும் வந்திருக்கின்றன. மொத்தம் எட்டு. இதோ, இந்தப் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. வரிசையாகக் கைமாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடாதீர்கள். திருப்பி முதுகைப் பாருங்கள். இன்றைக்கு நான் பேசப்போவது அந்த முதுகைப் பற்றித்தான்.

கோட்டு சலவைக்குப் போனபோது பொத்தான் மட்டும் ஏன் வீட்டிலேயே தங்கிவிட்டது? இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும், சரித்திர உடைக்குப் பொத்தான் செய்கிற தொழிலில் பாதி தெரிந்த மாதிரி. எனக்கு அது தெரிய முப்பது வருஷம் ஆயிற்று.

பன்னிரண்டு வயதில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு தையற்கடையில் காஜாப் பையனாகச் சேர்ந்தவன் நான். காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, எம்மிங் போடுவது, டீ வாங்கி வருவது. மெஷின் பக்கம் போக ஒரு வருஷம். கத்தரியைத் தொட நாலு வருஷம். ஆக, எங்கள் தொழிலுக்கு வாசற்படியே பொத்தான்தான். ஆனால் அந்தக் காஜா என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. பொத்தான் என்பது போர்த்துகீசியச் சொல். சாவி, ஜன்னல், அலமாரி வந்த அதே கப்பலில் வந்தது. அவர்கள் மொழியில் ‘காசா’ என்றால் வீடு. பொத்தான் நுழைகிற துளைக்கும் அவர்கள் ‘காசா’ என்றுதான் சொல்வார்கள். அதுதான் நம் கடைகளில் காஜா. பொத்தானுக்கு ஒரு வீடு. பன்னிரண்டு வயதில் ஒரு நாளைக்கு நாற்பது வீடு கட்டியிருக்கிறேன், வாடகைதான் வரவில்லை.

சொல்லே வெளியூரிலிருந்து வந்திருக்கிறது என்றால், அதற்கு முன்னால் நம்மவர்கள் உடையை எப்படி மூடினார்கள்? மூடத் தேவையே இல்லாத உடைதான் பெரும்பாலும். வேட்டி, துண்டு, சேலை எதற்கும் பொத்தான் வேண்டாம். தைத்த உடை என்றால் நாடா. 18-ஆம் நூற்றாண்டுத் துபாஷிகளின் ஓவியங்களைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே புரளுகிற வெள்ளை அங்கி, பக்கவாட்டில் நாடா முடிச்சு. பாட்டிமார்களின் ரவிக்கையும் முன்பக்கம் முடிச்சுத்தானே. என்னிடம் வருகிற நாடகக்காரர்கள், “அந்தக் காலத்து பட்டன் வேணும் சார்” என்பார்கள். எந்தக் காலம் என்று கேட்டால், “அதான் சார், அந்தக் காலம்” என்பார்கள். பாதிப் பேருக்கு நான் சொல்கிற பதில், உங்கள் பாத்திரத்துக்குப் பொத்தானே வேண்டாம், நாடா போதும் என்பது. காசு குறைகிறதே என்று சந்தோஷப்பட வேண்டும். முகம் வாடிப்போகிறது. பொத்தான் இல்லாவிட்டால் ராஜா மாதிரி இல்லையாம்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை தியேட்டர் இருந்தது. நாடகக் கம்பெனிகள் வந்து ஆடிய கொட்டகை. அந்தக் கம்பெனிக் காலத்து ராஜபார்ட் யாராக இருந்தாலும், அரிச்சந்திரனோ கோவலனோ, வெல்வெட் கோட்டுதான், ஜரிகை வேலைதான், மார்பில் வரிசையாகப் பளபளக்கும் பொத்தான்தான். ஊர் ஊராக வந்து ஆடிய பார்சி கம்பெனிகளைப் பார்த்து நம்மவர்கள் எடுத்துக்கொண்ட உடுப்பு அது. புராணத்துக்குத் தப்பு. ஆனால் 1920-களின் நாடக மேடையைப் பற்றி ஒருவர் படம் எடுக்கிறார் என்று வையுங்கள், ‘காவியத் தலைவன்’ (2014) போல. அப்போது அந்தத் தப்பைத் தப்பாமல் செய்துகொடுப்பதுதான் என் வேலை. வேடிக்கையான பிழைப்பு.

சரி, பேட்டைக்கு வருகிறேன்.

இந்த ஊருக்குப் பெயர் வந்ததே துணி வெளுத்ததால். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் ஏற்றிய வெள்ளைத் துணி, தறியிலிருந்து இறங்கும்போது வெள்ளையாக இருந்ததில்லை. பழுப்பாக, பசையும் பிசுக்குமாக இருக்கும். அதை வெளுத்து, வெயிலில் பரப்பி, மடித்துத் தட்டிய பிறகுதான் பொதி கட்டுவார்கள். அதற்கு நல்ல தண்ணீரும் பரந்த வெட்டவெளியும் வேண்டும். கறுப்பர் நகரத்துக்கு வடக்கே இரண்டும் இருந்தன. நெசவாளர்களுக்கு வேறு பேட்டைகள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூர்ப் பக்கம் குடியேற்றியது காலெட் பேட்டை. நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. 1734-இல் கூவத்தங்கரையில் எழுந்தது சின்னத்தறிப்பேட்டை, அதாவது சிந்தாதிரிப்பேட்டை. தறி அங்கே, வெளுப்பு இங்கே. ‘மதராசபட்டினம்’ (2010) படத்தின் கதாநாயகன் துணி வெளுக்கிற குடும்பத்துப் பையன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 

வெளுப்பது என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மெஷினில் போட்டுப் பொத்தானை அழுத்துவது என்று நினைப்பார்கள். அதுவும் பொத்தான்தான், அதை விடுங்கள். உவர்மண் கரைசலில் துணியை நனைத்து, அடுக்கி, வெள்ளாவியில் ராத்திரி முழுக்க வேகவிடுவார்கள். விடிந்ததும் கல். கல்லில் அடித்துத் துவைத்து அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, காயவைத்துத் தேய்ப்பார்கள். இதில் ஒரு சட்டையின் பொத்தான் எத்தனை கண்டம் தாண்ட வேண்டும் பாருங்கள். முதலில் காரம், அப்புறம் ஆவி, அப்புறம் கல், கடைசியில் கரிப்பெட்டி.

கொம்புப் பொத்தான் சூட்டில் இளகும். வெள்ளாவியில் வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்து வரும். சிப்பிப் பொத்தான் கல்லில் பட்டால் ஓரம் சில்லாகப் பெயரும், காரத்தில் பளபளப்பும் மங்கும். பீங்கான் பொத்தான் வெள்ளாவிக்கு அசையாது, கல்லுக்கு இரண்டாகும். பித்தளை எதற்கும் உடையாது, ஆனால் துணியில் பச்சைக் கறை விட்டுவிடும். உள்ளே மரக்கட்டை வைத்துத் துணி சுற்றிய பொத்தான் ஊதிப்போகும். எல்லாவற்றையும் தாங்கி வருவது நூலால் கட்டிய பொத்தான் ஒன்றுதான். இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே உள்ளாடைகளுக்கு 19-ஆம் நூற்றாண்டில் மெல்லிய உலோக வளையத்தின்மேல் லினன் துணி போர்த்திய பொத்தான் வைத்தார்கள். துணியைப் பிழிகிற உருளை மெஷினுக்குத் தப்பிப் பிழைத்ததால்தான் அது அவ்வளவு நாள் ஓடியது.

ஆக, துணி அடிக்கடி கல்லுக்குப் போகிற ஊரில் உடையை மூட மூன்று வழிதான். பொத்தானே வைக்காமல் நாடா கட்டலாம். துணியோடு துணியாகத் துவைபடுகிற நூல் பொத்தான் வைக்கலாம். அல்லது, கழற்றி வைத்துக்கொள்கிற மாதிரி பொத்தானைச் செய்யலாம். மூன்றாவதுதான் உங்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதுகில் ஒரு கம்பிக் கண்ணும், அந்தக் கண்ணில் சாவிக்கொத்து வளையம் போல ஒரு சின்னச் சுருள் வளையமும் தெரிகிறதா? கோட்டில் பொத்தான் தைக்கப்படவில்லை. துணியில் ஓர் உருண்டைக் கண் மட்டும் நூலால் எடுத்திருக்கிறேன். பொத்தானின் கம்பியை அதற்குள் விட்டு, பின்பக்கம் வளையத்தை மாட்ட வேண்டும். துவைக்கப் போடும்போது வளையத்தைக் கழற்றினால் எட்டும் கையோடு வந்துவிடும். வெயில் நாடுகளில் வெள்ளை டிரில் உடுப்பு அணிந்த அதிகாரிகளின் பித்தளைப் பொத்தான்கள் இப்படித்தான் மாட்டப்பட்டன. கடற்படை அதிகாரிகளின் வெள்ளை உடுப்பில் இன்றைக்கும் இந்த முறை இருக்கிறது. நம் வீடுகளில் ஜிப்பாவுக்குப் போட்ட சங்கிலிப் பித்தானும் இந்த ஜாதிதான். தங்கம் என்பதால் கழற்றினார்கள் என்று நினைப்போம். பித்தளை என்றாலும் கழற்றத்தான் கழற்றினார்கள். ஜிப்பா நாளைக்கு வெளுக்கப் போக வேண்டும்.

இதெல்லாம் தெரியாத காலத்தில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன். கட்டபொம்மன் நாடகம் ஒன்று. கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கு, அதற்கு முன் விசாரணைக் காட்சி. மேஜர் பானர்மேனுக்குச் சிவப்புக் கோட்டு தைத்தேன். பொன்னிறப் பொத்தான் வேண்டும் என்று சௌகார்பேட்டையில் அலைந்து, பளபளவென்று ஒரு குரோஸ், அதாவது 144 பொத்தான், வாங்கிவந்து தைத்துவிட்டேன். ராயபுரத்தில் நாடகம். இடைவேளையில் ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கோட்டின் மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, பாஞ்சாலங்குறிச்சிக்கு கப்பல்காரன் எதுக்கு வந்தான்?” அப்போதுதான் பார்க்கிறேன், ஒவ்வொரு பொத்தானிலும் நங்கூரம்! தரைப்படை மேஜர் மார்பில் பத்து நங்கூரம். அந்தப் பெரியவர் அதோடு விடவில்லை. ஒரு பொத்தானைத் திருப்பி, “இது பிளாஸ்டிக்தானே?” என்றார். முகத்துக்குப் பொன் முலாம், முதுகுக்குக் கறுப்பு பிளாஸ்டிக். மேடையில் முதுகு யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அவருக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து பொத்தானைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வந்தது. பழைய பொத்தானின் ஜாதகம் முழுக்க முதுகில்தான் எழுதியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டு முலாம் பொத்தான்களின் பின்னால் செய்தவர் பெயரும் ஊரும் வட்டமாகப் பொறித்திருப்பார்கள். பர்மிங்ஹாம் அந்தத் தொழிலுக்குத் தலைநகர். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்குப் பங்காளியாகப் பணம் போட்ட மேத்யூ போல்டன் பொத்தானும் கொக்கியும் செய்கிற பட்டறைக் குடும்பத்தில் வந்தவர்தான். ரயில் உலகத்துக்கே வந்ததில் எங்கள் தொழிலுக்கும் கால்காசு பங்கு உண்டு என்று நான் அடிக்கடி பெருமை பேசுவேன். பிரிட்டிஷ் தரைப்படையில் 1855 வரை சாதாரணச் சிப்பாய்க்குப் பித்தளைப் பொத்தான் கிடையாது, வெள்ளீயக் கலவைதான். முலாமும் வெள்ளியும் அதிகாரிகளுக்கு. எல்லாச் சிப்பாய்க்கும் தங்க நிறத்தில் பொத்தான் தைத்து ஒரு படையையே நிறுத்தினால், அது மேஜர்களின் படை.

இப்போது செய்முறைக்கு வருகிறேன். சுலபமானதிலிருந்து தொடங்கலாம். நூல் பொத்தான். இங்கிலாந்தில் டார்செட் என்கிற பகுதியில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வீட்டுப் பெண்கள் கையால் கட்டி வந்தது. 1851-இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் பொத்தான் செய்யும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு சில வருஷத்தில் அந்தக் கைத்தொழில் படுத்துவிட்டது, பல குடும்பங்கள் ஊரைவிட்டுக் கப்பலேறின. 1800 வாக்கில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் உள்சட்டைக்கு இந்தப் பொத்தான் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு பித்தளை வளையம், அரை அங்குலம் இருந்தால் போதும். அதன்மேல் சுற்றிலும் காஜாத் தையலை நெருக்கமாகப் போடுங்கள். தையலின் முடிச்சு விளிம்பு வெளியே நிற்கும். அதைக் கட்டை விரலால் தள்ளி உள்பக்கம் திருப்புங்கள். பிறகு நூலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சுற்றிச் சுற்றி ஆரம் போடுங்கள், வண்டிச் சக்கரம் மாதிரி. நடுவில் ஒரு குறுக்குத் தையலால் எல்லா ஆரத்தையும் கட்டி, அங்கிருந்து ஒவ்வொரு ஆரத்தையும் வளைத்து வளைத்துப் பின்னிக்கொண்டே வெளியே வாருங்கள். முடிந்தது. முதன்முதலில் இதைப் படத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வயதில் எம்.சி. ரோட்டில் நான் போட்ட அதே தையல். அங்கே அதுவே பொத்தான், இங்கே அது பொத்தானின் வீடு.

நம் பக்கத்து அங்கிக்கு, குர்தாவுக்கு, துணி முடிச்சுப் பொத்தான் இருக்கிறது. குறுக்குவாட்டில் வெட்டிய துணிப் பட்டையைக் குழலாகத் தைத்துத் திருப்பி, உருண்டை முடிச்சாக இறுக்குவது. எதிர்ப்பக்கம் காஜா வேண்டாம், அதே குழலில் ஒரு வளையம் போதும். நன்றாக இறுக்கிய முடிச்சு கல்லுக்கும் வெள்ளாவிக்கும் அஞ்சாது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கை பழக வேண்டும்.

அடுத்தது உலோகம். இங்கேதான் நம் ஊர் எனக்கு உதவியது. ஒருநாள் ரசத்துக்கு ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போனேன். சொம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் அடுப்படியில் பாதரசம் மாதிரி ஒரு குளம். அம்மாவின் சொம்பு. வீட்டில் இரண்டு நாள் என்னோடு யாரும் பேசவில்லை. ஆனால் மூன்றாவது நாள் எனக்கு உறைத்தது: இது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகுகிறது, சமையலறை அடுப்பே போதும். கம்பெனிச் சிப்பாயின் பொத்தானுக்கு இதைவிடப் பக்கத்தில் வருகிற உலோகம் வேறு எது?

அச்சுக்கு என்ன செய்வது? காசிமேட்டுக்குப் போனேன். கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்கள். பொற்கொல்லர்கள் பலர் இதில்தான் வார்ப்பார்கள். பெரிய ஓடாக எடுத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். குறுக்கே அறுத்து இரண்டு துண்டின் மெத்தென்ற பக்கத்தையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சமமாக்குங்கள். மாதிரிப் பொத்தானை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் அழுத்தினால் வெண்ணெயில் பதிகிற மாதிரி பதியும். மேலிருந்து ஈயம் இறங்க ஒரு வாய்க்கால், காற்று போக ஓரத்தில் இரண்டு கீறல். பொத்தானின் முதுகு வருகிற இடத்தில் வளைத்த பித்தளைக் கம்பியைச் செருகிவிடுங்கள். வார்க்கும்போது அது கூடவே பிடித்துக்கொள்ளும். இரண்டு துண்டையும் கம்பியால் கட்டி நிறுத்தி ஊற்றுங்கள். ஒரு ஓட்டில் ஒரு பொத்தான், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓட்டின் வரிவரியான கோடுகள் உலோகத்தின்மேல் விழும். முகத்தில் உப்புத்தாள் போட்டு எடுத்துவிடலாம். முதுகில் நான் அப்படியே விட்டுவிடுவேன். உங்கள் கையில் இருப்பதைத் திருப்பினால் மரத்தின் ரேகை மாதிரி தெரிகிறதே, அது காசிமேட்டுக் கணவாயின் கையெழுத்து.

இரண்டு எச்சரிக்கை. உருகிய ஈயத்தில் ஒரு துளித் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துச் சிதறும்; ஓடு ஈரமாக இருந்தாலும் அதே கதிதான். அடுத்தது, வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பழைய பேட்டரி, குழாய் என்று கிடைத்ததை உருக்கக் கூடாது. காரீயம் விஷம். அந்தக் காலத்து முலாம் பாதரசம் வைத்துப் பூசியது, பூசியவர்கள் நுரையீரலும் நரம்பும் போய் செத்தார்கள். அந்த அளவுக்குக் காலத்துக்கு உண்மையாக இருக்கத் தேவையில்லை.

கொம்புப் பொத்தானும் செய்து பார்த்திருக்கிறேன். எருமைக்கொம்பைக் கொதிநீரில் போட்டு இளக்கி, தட்டையாக அழுத்தி, ஆறியபின் வில்லை அறுத்துத் துளை போடுவது. நாற்றம் கணவாயைவிட மோசம். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கோட்டுப் பொத்தானுக்கு இன்னொரு சரக்கு வந்தது. தென் அமெரிக்காவின் டாகுவா என்கிற பனை ஜாதி மரத்தின் கொட்டை. காய்ந்தால் யானைத் தந்தம் மாதிரி இருக்கும். அது ஈக்வடாரிலிருந்து வர வேண்டும், நம் ஊர்ப் பனங்கொட்டை இருக்கிறதே என்று முற்றிய கொட்டையைக் காயவைத்து அறுத்துப் பார்த்தேன். இறுகத்தான் இறுகுகிறது. ஆனால் உள்ளே குழி. 18 லைன் அளவுக்கு மேல் பொத்தான் தேறவில்லை. லைன் என்பது எங்கள் கணக்கு. 40 லைன் ஒரு அங்குலம். சட்டைக்கு 18, கோட்டுக்கு 32. ஆக, பனங்கொட்டையில் பாரதியாருக்குச் சட்டை தைக்கலாம், கோட்டு தைக்க முடியாது.

பாரதியார் பெயரை எடுத்ததால் சுதேசிக் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1905-க்குப் பிறகு அந்நியத் துணியை விட்டவர்களுக்குப் பொத்தானும் ஒரு சங்கடம்தான். துணியை இங்கே நெய்யலாம். பொத்தான் பெரும்பாலும் கப்பலில் வந்த சரக்கு. அதே 1905 வாக்கில்தான் பீகாரின் சம்பாரண் பக்கம் மேஹ்சி என்கிற ஊரில் ஆற்றுச் சிப்பியை அறுத்துப் பொத்தான் செய்யும் தொழில் தொடங்கியது. அமெரிக்காவில் ஜான் போப்பிள் என்ற ஜெர்மன்காரர் 1891-இல் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியை வைத்துத் தொடங்கியதும் இதே வேலை. சிப்பியைக் குழாய் ரம்பத்தால் வட்டமாகத் துளைத்து எடுப்பார்கள். மிச்சச் சிப்பி வட்ட வட்ட ஓட்டையோடு கிடக்கும். நீங்கள் முயன்றால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுங்கள், அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. கடல் சிப்பி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தமான் பக்கம் பொத்தானுக்காக எடுத்துவந்த டிரோகஸ் சங்கு இப்போது காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பழைய சட்டையிலிருந்து வெட்டியெடுத்த சிப்பிப் பொத்தான்தான் உத்தமம்.

பழைய பொத்தானை எப்படி அடையாளம் காண்பது என்று எப்போதும் கேட்பார்கள். எனக்குப் பல்தான் கருவி. சிப்பி உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும், பல்லில் தட்டினால் கண்ணாடிச் சத்தம். பிளாஸ்டிக் மந்தமாகத் தட்டும். வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டு முகர்ந்தால் செல்லுலாய்டில் கற்பூர வாசனை வரும், அது 1870-களுக்குப் பிந்திய சரக்கு. பால் கெட்டுப்போன வாடை வந்தால் கேலலித், பாலாடைப் புரதத்தில் செய்தது, 1897-இல் காப்புரிமை. மருத்துவமனை பினாயில் வாசனை என்றால் பேக்கலைட், பேக்லேண்ட் 1907-இல் கண்டுபிடித்தது. ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துகிற சோதனையைச் சிலர் சொல்வார்கள். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும், செய்யாதீர்கள். நாலு துளை போட்ட பளபள பாலியெஸ்டர் பொத்தான் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்தது. வ.உ.சி. மார்பில் அதைத் தைத்துக் கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோனால் கப்பல் ஓட்டுகிறவர் கையில் செல்போன் கொடுத்த மாதிரிதான்.

கேலலித்தை மறக்க மாட்டேன். மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன் அங்கே ஒரு டப்பா நிறையப் பழைய பொத்தான் வாங்கினேன். ஆமை ஓடு மாதிரி நிறம். 1930-களின் கோட்டு ஒன்றுக்கு அழகாகப் பொருந்தியது. கழற்றாமல் கோட்டைத் துவைக்கப் போட்டுவிட்டேன். பொத்தான் எல்லாம் ஊறி, வெளுத்து, ஓரம் தூக்கி, கோதுமை அப்பம் மாதிரி வந்தது. வாங்கிய அன்றைக்கே வெந்நீரில் போட்டு முகர்ந்து பார்த்திருந்தால் பால் என்று தெரிந்திருக்கும்.

மேடைக்கு ஒரு தந்திரமும் உண்டு. ஒரு காட்சிக்கும் இன்னொரு காட்சிக்கும் நடுவில் நடிகருக்கு நாற்பது விநாடிதான் இருக்கும். எட்டுப் பொத்தானைக் கழற்ற முடியாது. அதனால் பொத்தானை மேலே காட்சிக்கு மாட்டிவிட்டு, பட்டிக்குள் டிச் பட்டன் வைத்துவிடுவேன். வெல்க்ரோ மட்டும் வேண்டாம். கிழிகிற சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்கும். சபையில் யார் வேட்டியோ கிழிந்தது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

தியாகராயர் கோட்டுக்கு வருகிறேன். வண்ணாரப்பேட்டை மெட்ரோவுக்கு அடுத்த நிறுத்தம் அவர் பெயரில் இருக்கிற கல்லூரி. வெள்ளுடை வேந்தர் என்று ஊர் கொடுத்த பட்டம். 1925-இல் காலமானவர். அவர் பாத்திரத்துக்குத் தைக்கும்போது வெள்ளை எந்த வெள்ளை என்பதுதான் எனக்கு முதல் கவலை, பொத்தான் இரண்டாவது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் உலோகம் தெரியாது. தெரியாத இடத்தில் சின்னம், கிரீடம், யாளி என்று நானாக வரைந்து நிரப்பக் கூடாது என்று வெறும் குமிழாக வார்த்தேன், முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல். ஆனால் முதுகில் விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் வெள்ளை உடுத்துகிறவர் கோட்டு தினமும் வெளுக்கப் போகும். அந்தக் கோட்டின் பொத்தான் கழலத்தான் வேண்டும். கழுத்துப்பட்டிக்கு உள்ளே சலவைக் குறியும் போட்டேன். அசலாகப் போட வேண்டுமென்றால் சேங்கொட்டைச் சாறு, எத்தனை வெள்ளாவிக்கும் போகாது. ஆனால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். நடிகர் கழுத்தை நினைத்து இந்திய மையிலேயே முடித்துக்கொண்டேன்.

ஒத்திகையில் கோட்டைப் போட்டுவிட்ட பையன் கேட்டான்: “இவ்ளோ வேலை எதுக்குண்ணே? உள்ளாற இருக்க வளையம் யாருக்குத் தெரியப்போவுது?” நான் பதில் சொல்லவில்லை. நாடகம் முடிந்த ராத்திரி கோட்டைக் கழற்றி மடித்தபோது, அவனே உட்கார்ந்து எட்டு வளையத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, பொத்தானையும் வளையத்தையும் இந்த டப்பாவில் போட்டுக் கொடுத்தான். கோட்டு வியாழக்கிழமை வருமாம். வந்ததும் அவனே மாட்டுவான். டப்பா கடைசி வரிசைக்குப் போய்விட்டது போலிருக்கிறது; வளையங்கள் சின்னவை, கீழே விழுந்தால் கிடைக்காது. எண்ணிப் பார்த்து முன்னால் அனுப்பிவிடுங்கள், பொத்தான் எட்டு, வளையம் எட்டு.